மறைப்புக்குள்ள ஒரு ஏர்கூலர்

ஒரே ஒரு ஊருல ஒரே ஒரு மாமனார் இருந்தாருங்க. அவருக்கு ஒரே ஒரு மக. அந்த மகளுக்கு ஒரே ஒரு புருசன். அந்தப் புருசன் மடியில ஒரே ஒரு பெட்டி. இந்தப் பெட்டிதானுங்க அண்ணா. நீங்க வந்து உக்காந்ததுல இருந்து இதையேதான் பாக்கறீங்க. பயப்படாதீங்க, வெடிகுண்டெல்லாம் இல்லை. ஏர்கூலர். நானே செஞ்சது.

கதை மாதிரிச் சொல்றானேன்னு நினைக்காதீங்க. கதை மாதிரிச் சொன்னாத்தான் எனக்குப் பேச்சு வருது.

தாராபுரம் வண்டிக்குத்தானே? வரும், வரும். இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க, கொஞ்சம் நெழல் இருக்குது.

எனக்கு வெள்ளகோவில்ல மோட்டாருக்குக் காயில் கட்டற கடைங்க. யுவராஜ் கடைன்னா தெரியும். மிக்சி, கிரைண்டர், தண்ணி மோட்டார், டேபிள் ஃபேன், என்ன வேணா கொண்டாங்க. கருகி வர்றது ஓடிக்கிட்டுப் போகும். எனக்குத் தெரிஞ்சது அது ஒன்னுதான். மோகனாவுக்கும் அது தெரியும். என் வீட்டுக்காரிங்க. மோகனப்பிரியான்னு பேரு. மாசி மாசத்துல இருந்து அவங்க அப்பா வீட்டுல இருக்கா.

சண்டை ஒன்னும் இல்லீங்க. அதை முதல்லயே சொல்லிடறேன். எனக்குக் குடி இல்லை. கை ஓங்குனதில்லை. குரலை ஒசத்திக்கூடப் பேசுனதில்லை, இப்ப உங்ககிட்டப் பேசற மாதிரியேதான் வீட்டுலயும். தை மாசம் அவ வயித்துல இருந்த குழந்தை தங்காமப் போயிடுச்சு. ஆஸ்பத்திரியில இருந்து வந்தவ, சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டா. நான் என்னங்க பண்ண முடியும்? வெந்நிக்குச் சிரமப்படக் கூடாதுன்னு பாத்ரூமுக்கு ஹீட்டர் மாட்டுனேன். புழுக்கமா இருக்குமேன்னு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டேன். லைட்டுப் போட எந்திரிக்கக் கூடாதுன்னு கட்டில் தலைமாட்டுலயே சுவிட்ச் வர்ற மாதிரி வயர் இழுத்துக் குடுத்தேன். டிரில் போடறப்போ மட்டும் கொஞ்சம் சத்தம். அவ காதைப் பொத்திக்கிட்டா. சரின்னு மெடிக்கல்ல போய்ப் பஞ்சு வாங்கியாந்து குடுத்தேன். அவ்வளவு பாத்துக்கிட்டேனுங்க அண்ணா.

ஒரு நாள் அவளா எந்திரிச்சா. எனக்கு அப்படி ஒரு சந்தோசம். பாத்தா, பையை எடுத்துத் துணி வெக்கறா.

"கொஞ்ச நாள் அப்பா கூட இருந்துட்டு வரேனுங்க"ன்னா.

"அங்க என்ன வசதி இருக்குது மோகனா? ஒரு நல்ல ஃபேன்கூட இல்லையே"ன்னு கேட்டேன்.

"ஒன்னுமே இல்லீங்க. அதுக்குத்தான் போறேன்"ன்னா.

அவ வாயாலயே ஒன்னுமில்லைன்னு சொல்றா, அப்புறமும் போறா. நான் கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன். நான் போன் பண்ணா எடுப்பா. சாப்பிட்டேன்னு சொல்லுவா. தூங்குனேன்னு சொல்லுவா. எப்ப வர்றேன்னு மட்டும் சொல்ல மாட்டா. வீட்டுல அந்தத் தலைமாட்டு சுவிட்சை நானே போட்டு நானே அமத்திக்கிட்டுப் படுத்துக் கிடந்தேன்.

இப்ப மாமனார் கதைக்கு வர்றேன். சென்னியப்பன்னு பேரு. ஸ்பின்னிங் மில்லுல வயசு பூராத்தையும் போட்டவர். நீங்க மில்லுக்குள்ள போயிருக்கீங்களா? பக்கத்துல நிக்கறவன் காதுக்குள்ள கத்துனாலும் கேக்காது. ரிட்டயர்டு ஆகி இத்தனை வருசம் ஆச்சு, இன்னும் தலைக்குள்ள மெஷின் ஓடுதுங்க மாப்ளைம்பார். எனக்கு அவரைப் பாத்தாப் பாவமா இருக்கும். அதனால அவர் பக்கத்துல உக்காந்தா, அந்த மெஷினை நினைக்காம இருக்கட்டும்னு நான் ஏதாவது பேசிக்கிட்டே இருப்பேன்.

அவருக்கு ஒரு கொறங்காடு இருக்குது. அதோ, அந்த மண் ரோட்டுல உள்ள போனா வரும். வெள்ளாமை இல்லாத மேய்ச்சக் காடு. சுத்தி கிளுவை வேலி, நடுவுல அங்கங்க வெள்வேல மரம், மூலையில ஒரு குட்டை. அந்தக் குட்டை ஓரத்துல ஒரு மறைப்புக் கட்டி வெச்சிருக்கார். அந்தக் காலத்துல கவுதாரி அடிக்கறவங்க ஒளிஞ்சு உக்காருவாங்க பாருங்க, அதே மாதிரி. நாலு குச்சி, மேல பழைய சாக்கு, சுத்தி பச்சை வலை, முன்னால ஒரு ஓட்டை. ஓட்டை வழியா துப்பாக்கிக்குப் பதிலாக் கேமரா. மோகனா வேலைக்குப் போன புதுசுல அவருக்கு வாங்கிக் குடுத்த கேமரா.

எதுக்குன்னா, கல்கவுதாரி. பாத்திருக்கீங்களா? மண்ணு நெறத்துலயே இருக்கும். கூட்டமா உக்காந்திருந்தாலும் கல்லுன்னு நினைச்சு நடந்து போயிடுவோம். கோடையில வெயில் ஏற ஏறத்தான் தண்ணிக்கு வரும். சேவல் இருக்குதுங்களே, அது குடிச்சுட்டுச் சும்மா போகாதாமா. தண்ணிக்குள்ள நெஞ்சை எறக்கி, ஆட்டி ஆட்டி, அங்க இருக்கற மயிரெல்லாம் நனைச்சுக்கிட்டு, அந்த ஈரத்தோட குஞ்சு இருக்கற எடத்துக்குப் பறந்து போகுமாமா. குஞ்சுக அது நெஞ்சுல வாய் வெச்சு உறிஞ்சிக் குடிக்குமாமா. மாமா அது நெஞ்சை நனைக்கறதை ஒரு படம் எடுத்துப்போடணும்னு இருக்கார். ஒரே ஒரு படம். சின்னதுல ஒரு தடவை கண்ணால பாத்ததாம், அப்புறம் மில்லுக்குப் போயிட்டார். கோடை மழை விழுந்துட்டா எல்லாப் பக்கமும் தண்ணி நிக்கும், இந்தக் குட்டைக்கு வர மாட்டாது. அதுக்குள்ள எடுக்கோணும்.

சித்திரை மாசம் மோகனா போன் பண்ணா. அவளாப் பண்ணா அண்ணா! நான் வேலையைப் போட்டுட்டு வெளிய ஓடியாந்து எடுத்தேன்.

"அப்பாவுக்கு மறைப்புக்குள்ள கண்ணைக் கட்டிடுச்சுங்க. வெக்கை. இப்பப் பரவாயில்லை. மனசு ஒரு மாதிரி இருந்துது, அதுதான் உங்ககிட்டச் சொல்லலாம்னு..."

"நீ போனை வை. நான் பாத்துக்கறேன்"னேன்.

அவ இன்னும் என்னமோ சொல்ல வந்தா. நான் வெச்சுட்டேன். எனக்கு அப்பவே மனசுக்குள்ள பெட்டி ஓட ஆரம்பிச்சிடுச்சு. மாமனாரைக் குளுகுளுன்னு உக்கார வெச்சாப் போதும், அவரு ஒரு வார்த்தை மககிட்டச் சொல்லுவார், அவ பையை எடுத்துக்குவா. நீங்களே சொல்லுங்க, இதுல தப்புக் கணக்கு ஏதாவது இருக்குதா?

பெட்டி மீன் மார்க்கெட்டுல எடுத்ததுங்க. ஐஸ் மீன் வர்ற தெர்மாகோல் பெட்டி. எலுமிச்சம்பழம் போட்டுக் கழுவிக் கழுவிக் காய வெச்சேன். இன்னும் லேசா வாசம் இருக்குதுங்களா? இல்லைதானே. மூடியில ஒரு ஓட்டை போட்டுப் பழைய கம்ப்யூட்டர்ல இருந்த ஃபேனைக் கவுத்து வெச்சேன், வெளிக்காத்தை உள்ள தள்ளற மாதிரி. பக்கத்துல இன்னொரு ஓட்டை போட்டு பிவிசி எல்போ, அந்த வளைஞ்ச குழாய். உள்ள உப்புத் தண்ணி ஊத்தி உறைய வெச்ச பாட்டில். உப்புப் போட்டா வெறும் ஐஸைவிடக் குளிர்ச்சி கூட. கீழ பைக் பேட்டரி. சுவிட்சைப் போட்டா, எல்போ வழியா வர்ற காத்து மூஞ்சியில அறையும் பாருங்க... இப்பக்கூடப் போட்டுக் காட்டுவேன், பாட்டிலெல்லாம் கரைஞ்சிடுச்சு.

மாமா பெட்டியைச் சுத்திச் சுத்திப் பாத்தார். "எனக்காகவா செஞ்சீங்க மாப்ள? நல்லா இருக்குதுங்க"ன்னார்.

கேட்டீங்களா? நல்லா இருக்குதுங்கன்னு அவரே சொன்னார்.

அன்னைக்கு இருந்து நான் கடையைச் சாத்திட்டு இங்கேயே தங்கிட்டேன். பாட்டில் உறைய வெக்கோணுமே. அத்தையோட ஃப்ரீசர் பூரா என் பாட்டில்தான். அத்தை அரைச்ச தேங்காயைக் கையில வெச்சுக்கிட்டு நிப்பாங்க. "மாப்ள, ஃப்ரிட்ஜுக்குள்ள நானும் ஏதாவது வெச்சுக்கலாமுங்களா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க. கலகலப்பான மனுசி. மோகனா சமையல்கட்டு நெலையில சாஞ்சு நின்னு என்னைப் பாப்பா. நான் சிரிப்பேன். அவ சிரிக்க மாட்டா.

காலையில நான் பெட்டியைத் தூக்கிக்கிட்டு முன்னால போவேன், மாமா கேமராவோட பின்னால வருவார். மறைப்பு ஒரு ஆளுக்குக் கட்டுனது. அவர் ஒதுங்கி உக்காந்துக்குவார். நான் பக்கத்துல உக்காந்து காத்து சரியா அவர் மூஞ்சிக்கு வருதான்னு பாத்துக்குவேன். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், ஏன் ஃபேனைக் கவுத்து வெக்கோணும், எல்லாம் மெதுவாச் சொல்லுவேன். தலையாட்டிக் கேப்பார். நடுநடுவுல "மாப்ள, உங்களுக்குக் கடையில வேலை கெடக்குமே"ம்பார். நான் செரமப்படறேன்னு அவருக்கு வருத்தம். "கடை கெடக்குது மாமா, நீங்கதான் முக்கியம்"னு சொல்லுவேன். கண்ணை மூடிக்குவார்.

எவ்வளவு நல்லா வேலை செஞ்சுதுன்னா, கொஞ்ச நாள்ல அவர் மஃப்ளர் கட்டிக்கிட்டு வர ஆரம்பிச்சிட்டாருங்க. அக்கினி நட்சத்திரத்துல! ஊரே விசிறிக்கிட்டு இருக்குது, எங்க மாமா மஃப்ளரு, அதுக்கு மேல குல்லா. கொறங்காட்டுக்குள்ள ஆடு மேச்சுக்கிட்டிருந்த ஒருத்தர், "ஏனுங் சென்னியப்பண்ணா, ஊட்டிக்குப் போறீங்களா?"ன்னு கேட்டார். எனக்குப் பெருமையாப் போச்சு.

கல்கவுதாரிதான் வரலை.

முதல் நாள் வரலை. சரி, புதுப் பெட்டியைப் பாத்து மெரண்டிருக்கும்னு மேல சாக்குப் போத்துனேன். அப்பவும் வரலை. ஃபேன் சத்தமா இருக்குமோன்னு, பிஞ்ச ரப்பர் செருப்பை அறுத்து நாலு மூலைக்கும் வாசர் வெச்சேன். சத்தம் பாதியாக் கொறைஞ்சுது. மாமாகிட்ட, "இப்ப எப்படி மாமா?"ன்னு கேட்டேன். "பரவாயில்லீங்க மாப்ள"ன்னார். அப்புறம் ஓஸ் பைப் போட்டு ஃபேனை வெளிய கொண்டுபோனேன். பச்சை வலை படபடன்னு அடிச்சுது. திரும்ப உள்ள கொண்டாந்தேன். நான் ஓயலீங்க அண்ணா. மைனா வந்துது, புறா வந்துது, கீரிப்பிள்ளை ஒன்னு பெட்டியை மோந்து பாத்துட்டுப் போச்சு. கல்கவுதாரி மட்டும் மேல கூட்டமா ஒரு சுத்துச் சுத்தும், குட்ரூ குட்ரூன்னு கத்திக்கிட்டு அப்படியே போயிடும். அந்தச் சத்தம் மாமாவுக்குக் கேக்கறதில்லை, ஃபேன் ஓடுதில்ல. நான்தான் தோளைத் தட்டி மேல காட்டுவேன். அவர் குனிஞ்சு பாக்கறதுக்குள்ள போயிருக்கும்.

நேத்துச் சாயங்காலம் தெக்க மேகம் கட்டுச்சு. மாமா வாசல்ல நின்னு அதையே பாத்துக்கிட்டிருந்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதுக்கும் வரலை. மோகனா அவரைப் பாத்தா, மேகத்தைப் பாத்தா, அப்புறம் என்னைப் பாத்தா.

இன்னைக்குக் காலையில நாங்க கெளம்பறப்போ அவளும் செருப்பைப் போட்டுக்கிட்டு வந்தா. "நானும் வர்றேன்"ன்னா. எனக்குக் கால் தரையில நிக்கலை. ஒரு குடும்பமா நடந்து போறோம் பாருங்க. எத்தனை நாள் கழிச்சு! மூணு பேரும் குனிஞ்சு மறைப்புக்குள்ள போனோம். எடமே இல்லை, என் முட்டி அவ முட்டி மேல இடிச்சுது. நான் சுவிட்சைப் போடக் கையை நீட்டுனேன். அவ என் கையைப் புடிச்சுக்கிட்டா.

"போடாதீங்க"ன்னா.

"அப்பாவுக்கு வேர்க்கும் மோகனா."

"வேர்க்கட்டும்."

மாமா மஃப்ளரை அவுத்து மடியில வெச்சுக்கிட்டு, "விடும்மா, மாப்ளைகிட்ட என்ன பேச்சு"ன்னார்.

"நீங்க சொல்ல மாட்டீங்கப்பா. அத்தனை மரியாதை. குருவி போயிடும், சீசன் போயிடும், மரியாதை மட்டும் போகாது." அப்புறம் என் பக்கம் திரும்புனா. "ஏனுங்க, மறைப்புக்கு எப்படி வரோணும்னு உங்களுக்குத் தெரியுமா?"

நான் பெட்டியைப் பாத்தேன். அவளே சொன்னா.

"குருவிக தூரத்துல இருந்து பாத்துக்கிட்டே இருக்கும். ஆள் உள்ள போனதைப் பாத்தா எறங்காது. அதனால ரெண்டு பேரா உள்ள வரோணும். ஒருத்தர் எந்திரிச்சு, நல்லாத் தெரியற மாதிரி நடந்து போயிடோணும். அதுகளுக்கு எண்ணத் தெரியாது. ஆள் போயிடுச்சு, இனி யாருமில்லைன்னு நினைச்சுக்கும். நீங்க வர்றதுக்கு முன்னாடி நான்தான் தினமும் அப்பா கூட வந்து நடந்து போவேன். நடந்து போறதுதாங்க இங்க வேலை. நீங்க ஒரு நாளாவது நடந்து போனீங்களா?"

மாமா தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "எந்திரிச்சுப் போங்கன்னு மாப்ளையப் பாத்து எப்படிம்மா சொல்றது?"ன்னு மெதுவாச் சொன்னார். எங்க பக்கத்துல அப்படித்தானுங்க. மருமகன் கால் மேல கால் போட்டு உக்காந்திருந்தாலும் மாமனார் நின்னுக்கிட்டுத்தான் பேசுவார். அவர் எத்தனை தடவை கடையில வேலை கெடக்குமேன்னார்! எனக்கு அப்பத்தான் ஞாபகம் வந்துது.

"எங்கிட்ட முதல்லயே சொல்லியிருந்தா..."ன்னு ஆரம்பிச்சேன்.

"சொன்னேன். ஆஸ்பத்திரியில சொன்னேன். ஒன்னும் செய்யாதீங்க, இப்படி வந்து எம்பக்கத்துல உக்காருங்கன்னு சொன்னேன். நீங்க கட்டில் சக்கரத்துல எண்ணெய் இல்லைன்னு நர்சைத் தேடிப் போனீங்க."

அது கிறீச்சுக் கிறீச்சுன்னு கத்துச்சுங்க அண்ணா. நெசமாலுமே கத்துச்சு. அந்தக் கட்டிலை ஆட்டுனா அவளுக்கு வலிக்கும்.

அவகிட்ட அதைச் சொல்லலை. வேற ஒன்னு சொன்னேன். எப்படி வாயில வந்துதுன்னு தெரியலை. "சும்மா உக்காந்தா எனக்குக் கை நடுங்குது மோகனா"ன்னேன். "உம் மூஞ்சியப் பாத்துக்கிட்டுச் சும்மா உக்காந்தா, நம்ம குழந்தை எவ்வளவு நீளம் இருந்துதுன்னு என் கை அளவு காட்டுது. கையில ஒரு ஸ்குரூடிரைவர் இருந்தா அது காட்டறதில்லை."

மாமா வெளிய ஓட்டை வழியாப் பாத்துக்கிட்டார். மோகனா என் கையை விட்டா. விட்டாளா, ஒரு தடவை அமுத்திட்டு விட்டாளா, எனக்குச் சரியாச் சொல்லத் தெரியலை. வெக்கையில கை வேர்த்திருந்துது.

"இன்னைக்கு நான் அப்பா கூட இருக்கேன். நீங்க நடந்து போங்க"ன்னா. "இதையும் எடுத்துக்கோங்க. திரும்பிப் பாக்கக் கூடாது. திரும்பிப் பாத்தா அதுகளுக்குச் சந்தேகம் வந்துடும்."

நான் பெட்டியை எடுத்தேன். மாமா குனிஞ்சவாக்குலயே, "வெயில்ல போறீங்களே மாப்ள"ன்னு அவரோட குல்லாவை நீட்டுனார். வேணாம்னுட்டேன்.

நடந்தேன். காஞ்ச புல்லு மேல, நல்லாத் தெரியற மாதிரி, நட்ட நடுக் காட்டுல. பெட்டி கனம், பேட்டரி இருக்குதில்ல. வேலி கிட்ட வந்தப்போ மேல சத்தம். குட்ரூ, குட்ரூ. இந்தத் தடவை சுத்தலை. என் தலைக்கு மேலயே தாழக் கூட்டமாப் போச்சு. ரெக்கைக் காத்து மூஞ்சியில பட்டுச்சு. அப்புறம் பின்னால எறங்கற சத்தம், அப்புறம் ஒன்னுமே இல்லை. அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லீங்க. அதுல எந்தச் சேவல் நெஞ்சை நனைச்சுது, மாமா படம் எடுத்தாரா இல்லையா, மோகனா பாத்தாளா, எனக்கு ஒன்னும் தெரியாது. கழுத்து அப்படி வலிச்சுது, திரும்பலை. வேலியைத் தாண்டுனேன், மண் ரோட்டுக்கு வந்தேன், திரும்பலை. தார் ரோட்டுக்கு வந்து இந்த ஸ்டாப்புல உக்காந்தேன். அப்பத்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்துது.

நடந்து போங்கன்னா. எவ்வளவு தூரம்னு சொல்லலீங்க.

வேலி வரைக்கும்னா நான் தாண்டி வந்துட்டேன். வீடு வரைக்கும்னா எந்த வீடு, அத்தை வீடா, வெள்ளகோவிலா? வெள்ளகோவில் வண்டி வந்துட்டுப் போயிடுச்சு, நான் ஏறலை. ஏறிட்டா, எனக்கென்னமோ, ரொம்ப தூரம் போன மாதிரி ஆயிடும். திரும்பிப் போகலாம்னா குருவி கெளம்பிடும். போன் பண்ணலாம்னா மறைப்புக்குள்ள போன் அடிக்கும். நீங்களே சொல்லுங்க அண்ணா, ஒரு பொம்பளை தம் புருசனை நடந்து போங்கன்னு சொன்னா, அது எவ்வளவு தூரம்?

ஒரு வழி இருக்குதுங்க. ஃபேனே இல்லாமப் பண்ணலாம். மறைப்பைச் சுத்தி கோணிச்சாக்கை நனைச்சுத் தொங்கவிட்டு, மேல ஒரு சொட்டுநீர்க் குழாய்... சத்தமே வராது. கேளுங்க, சொட்டுநீர் வால்வு எங்கிட்டயே...

சரி. சரிங்க. அப்படிப் பாக்காதீங்க, விட்டுடறேன்.

அதோ உங்க வண்டி. கையைக் காட்டுங்க, இல்லைன்னா நிக்க மாட்டான். பையை மறந்துடாதீங்க. நான் ஏறலீங்க, நீங்க போங்க. நான் இப்படியே சும்மா உக்காந்திருக்கேன். பாருங்க, கையைக்கூட மடியில வெச்சுட்டேன். நடுங்கத்தான் செய்யுது. பரவாயில்லை.

போங்க, போங்க. ஆமா, அப்படித்தான். திரும்பிப் பாக்காமப் போங்க.